பொருநையும் ஊரமைப்பும்



ஊரமைப்பென்றால் தெருவை அகலப்படுத்துவதும் கட்டடத்தை உயர்த்துவதுமே எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்று நூறாண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்தவர் இசுக்காட்லாந்து நாட்டறிஞர் பாட்ரிக் கெட்டிசு (1854–1932). அவர் பொறியாளரல்லர், உயிரியல் வல்லுநர். ஆகவே ஊரையும் உயிருள்ள உடலாகவே கண்டார். நோயை அறியாமல் மருந்திடலாகாது. அதுபோல் ஊரை நடந்து ஆராயாமல் திட்டந் தீட்டலாகாது என்பது அவர்தம் முதற்கொள்கை.

1914-இல் அவர்தம் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, அவ்வாண்டு சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் மூழ்கடித்தது. அவர் தளர்ந்தாரல்லர், பொருள்களை மீண்டும் தொகுத்து, 1915-இல் சென்னையிலேயே கண்காட்சியை நடத்தினார். பின்னர் இந்திய நகரங்கள் பலவற்றை நடந்து ஆராய்ந்தார். கொசுவுக்கஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்ட அக்காலத்தில், தூர்க்கவேண்டா, தூய்மை செய்து மீனும் வாத்தும் வளர்க்க என்று அவர் அறிவுரை கூறினார்.

அவர்தம் கொள்கைகளுள் தலையாயது, ஓர் ஊரைத் தனியே பார்த்தலாகாது என்பது. மலை தொடங்கிக் கடல் வரையுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுமையும் ஒன்றே. அதன் ஒவ்வொரு படியிலும் நிலத்திற்கேற்ற தொழிலும் அத்தொழிலுக்கேற்ற வாழ்வும் அமைகின்றன என்று அவர் காட்டினார். நிலத்தையும் தொழிலையும் வாழ்வையும் பிணைத்துக் காணும் இப்பார்வை, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனத் திணை வகுத்த தமிழர்க்குப் புதிதன்று. திணை இலக்கிய நெறி. கெட்டிசு கூறியது ஊரமைப்பு நெறி. இரண்டும் ஒன்றல்லவெனினும், இரண்டிற்கும் அடிப்படை நிலமே.

இவ்வுண்மையை விளக்கப் பொருநையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலருகே கடலை அடையும் இவ்வாறு, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிற்குள் நானிலத்தையும் தழுவிச் செல்கின்றது. இதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள. இறுதியதாகிய திருவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலராட்சியில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கும் முந்தியவை. சுத்தமல்லி அணைக்கட்டினின்று பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகின்றது. பழவூர் அணைக்கட்டினின்று பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளங்களுக்கு நீரூட்டுகின்றது. மேற்குளம் நிரம்பினால் மிகைநீர் கீழ்க்குளத்திற்குச் செல்லும். இதுவே நம் முன்னோர் மண்ணில் எழுதிவைத்த நகரமைப்புத் திட்டம்!

1994-இல் நெல்லை மாநகராட்சியாயிற்று. 2017-இல் சீர்மிகு நகரத் திட்டத்திலும் இடம்பெற்றது. ஆனால் ஆறு மாநகராட்சி எல்லையை அறியாது. 2023 திசம்பர் 17, 18 நாள்களிற் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலோ ஊர்கள் தீவுகளாயின. அத்துணைப் பெருமழையை எந்தக் குளமும் முற்றும் தாங்கியிராதுதான். எனினும், கால்வாய் அடைபட்டுக் குளம் சுருங்கிய இடத்தில் நீர் வீட்டிற்குள்ளன்றி வேறெங்கே புகும்?

1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே வட்டாரத் திட்டத்திற்கு இடமுண்டு. ஆகவே பொதிகை முதல் புன்னைக்காயல் வரை பொருநைப் பள்ளத்தாக்கு முழுமைக்கும் ஒரே திட்டம் வேண்டும். அதன் முதற்பக்கம் சாலைப்படமாக இருத்தலாகாது. அணை, கால்வாய், குளம், வடிகால் ஆகியவற்றைக் காட்டும் நீர்ப்படமாக இருத்தல்வேண்டும். அப்படத்தை வரைய அலுவலர் வருகைக்குக் காத்திராமல், ஒவ்வோர் ஊரின் இளைஞரும் தத்தம் ஊர்க்கால்வாயைத் தலைமுதற் கடைவரை நடந்து பார்த்துக் குறித்து வைப்பாராக!