டார்ச் லைட் கீழே விழுந்தால் தாங்குமா?



விதை வாங்கினால் ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் விதைக்கிறோம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் ராத்திரி வரப்பில் நமக்குத் துணையாக வருகிற டார்ச் லைட்டை மட்டும், கடைக்காரர் ஒரு தடவை எரித்துக் காட்டியதும் வாங்கி வந்துவிடுகிறோம். அது கீழே விழுந்தால் தாங்குமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இது சின்ன விஷயம்தானே என்று நினைக்கவேண்டாம். பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், திருக்கனூர் என்று எந்தப் பக்கம் போனாலும், ராத்திரி மடை மாற்றப் போகிறவரின் ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் டார்ச். கையெல்லாம் ஈரம், வரப்பெல்லாம் வழுக்கல். லைட் கை நழுவி விழுவது சகஜம். விழுந்த லைட் அணைந்துபோவதுதான் ஆபத்து. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். சரிபாதி சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நடந்தவை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். வெளிச்சம் இல்லாமல் வரப்பில் நிற்பது என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

முதலில், விழுந்த லைட் ஏன் அணைகிறது என்று பார்ப்போம்.

பழைய மாதிரி பல்புக்குள்ளே டங்ஸ்டன் என்ற உலோகத்தாலான இழை இருக்கிறது. நம் தலைமயிரைவிட மெல்லியது. அதைச் சுருள் சுருளாகச் சுற்றி, இரண்டு சிறு கம்பிகளுக்கு நடுவே தொங்கவிட்டிருப்பார்கள். எரியும்போது அதன் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இழை இளகி இருக்கும். அப்போது அடிபட்டால் சுருள் வளைந்து தொங்கிவிடும். ஆறிய பிறகோ வேறு கதை. பல மணி நேரம் எரிந்த இழை, ஆறியதும் காய்ந்த சுள்ளி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தட்டு தட்டினால் ஒடிந்துவிடும். ஆகவே புது பல்பு தாங்கியது என்பதற்காக, பத்து மணி நேரம் எரிந்த பல்பும் தாங்கும் என்று நம்பக்கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அணைந்த லைட்டை ஆட்டினால் சில சமயம் மறுபடி எரியும், முன்பைவிட அதிக வெளிச்சமும் தரும். "அட, சரியாகிவிட்டதே" என்று ஏமாறாதீர்கள். ஒடிந்த இழையின் முனைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதால் இழையின் நீளம் குறைந்து, கூடுதல் மின்சாரம் பாய்கிறது. அந்தப் பிரகாசம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த பல்பை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

"இப்பத்தான் எல்லாம் எல்.ஈ.டி ஆயிடுச்சே, அதுல இழையே கிடையாதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். எல்.ஈ.டியில் ஒடிவதற்கு இழை இல்லை. விளக்கு தருகிற சிறு சில்லைப் பிசின் போன்ற பொருளுக்குள் பதித்திருப்பார்கள். அதனால் அது அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் விளக்கு தாங்கினால் லைட் தாங்கியதாக ஆகுமா? ஒயரைப் பற்றவைத்த இடம், சுவிட்ச், ஸ்பிரிங், முன்பக்கக் கண்ணாடி, பாட்டரி கட்டை என்று எத்தனையோ இருக்கின்றன. எல்.ஈ.டி லைட் விழுந்து அணைந்தால், பெரும்பாலும் குற்றம் இவற்றில்தான் இருக்கும்.

எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இடுப்பு உயரத்திலிருந்து, நழுவிய லைட் அரை நொடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர், சைக்கிள் போகிற வேகம். சேற்றில் விழுந்தால் ஐந்து சென்டிமீட்டர் புதைந்து நிற்கும். சிமெண்டுக் களத்தில் விழுந்தால் இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். நிற்கிற தூரம் 25 பங்கு குறைந்தால் வாங்குகிற அடி 25 மடங்கு கூடும். சேற்றில் பத்து தடவை விழுந்து பிழைத்த லைட், மோட்டார் கொட்டகைத் தரையில் ஒரே தடவை விழுந்து அணைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

இப்போது சோதனைக்கு வருவோம். அமெரிக்காவில் 2009-ல் 'எஃப்.எல்.1' என்ற தர விதியை வெளியிட்டார்கள். அதன்படி, பாட்டரி போட்ட லைட்டைக் குறைந்தது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போடவேண்டும். ஐந்து லைட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஆறு விதமாகப் போடவேண்டும். விரிசல் விடாமல், எரியவும் வேண்டும். சில லைட்டுகளின் அட்டைப் பெட்டியில் லைட் கீழே விழுகிற மாதிரி ஒரு படமும் பக்கத்தில் '1 மீ' என்ற எண்ணும் இருக்கும். அதற்கு இதுதான் பொருள்.

நாம் வீட்டில் செய்யவேண்டியது இதுதான்.

ஒன்று. கடையிலேயே லைட்டை எரியவிட்டு, உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள். மினுக் மினுக் என்றால் தொடுப்பு சரியில்லை, வேண்டாம். அணைத்துவிட்டுக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகட என்று சத்தம் கேட்டால் பாட்டரி கட்டை ஆடுகிறது.

இரண்டு. வீட்டில், பட்டப்பகலில், முழங்கால் உயரத்திலிருந்து மண் தரையில் போடுங்கள். முகம், வால், நான்கு பக்கங்கள் என்று ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் எரிகிறதா என்று பாருங்கள்.

மூன்று. அதில் தேறினால், இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் அதே ஆறு விதம். இழை பல்பு என்றால் எரியும்போது ஒரு சுற்று, அணைத்து ஆறவைத்து ஒரு சுற்று.

நான்கு. கடைசியாக, விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மழையில் நனைவது போலக் கையால் தண்ணீர் தெளியுங்கள். பிறகு ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே பனி பிடித்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

"என்னங்க இது, காசு கொடுத்து வாங்கின லைட்டை நானே கீழே போட்டு உடைக்கணுமா?" என்று கேட்பீர்கள். உடைகிற லைட் என்றைக்காவது உடையத்தான் போகிறது. அது பகலில் வீட்டுத் திண்ணையில் உடையட்டும். நடுராத்திரி வாய்க்கால் கரையில் உடைய வேண்டாம். செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. புதுச்சேரி நேரு வீதியிலோ, ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டிலோ பத்துப் பேர் சேர்ந்து ஒரே மாதிரி லைட் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இரண்டு மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. மலிவான லைட்டுகளில் ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சார்ஜ் போடுகிற லித்தியம் பாட்டரி லைட் விழுந்த பிறகு உப்பினாலோ, சூடானாலோ, வாடை வந்தாலோ அதைச் சார்ஜ் போடாதீர்கள். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள். நெருப்பில் போடவே கூடாது.

தேறிய லைட்டையும் பேணிக் காக்கவேண்டும். கைப்பிடியில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மொபெட் பெட்டியில் வெறுமனே போடாமல் துண்டில் சுற்றி வையுங்கள். வண்டியின் அதிர்வும் ஓர் அடிதான். நம் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் ஸ்பிரிங் பச்சை பூத்துப்போகும். மாதம் ஒரு முறை காய்ந்த துணியால் தேயுங்கள். இழை பல்பு வைத்திருப்பவர்கள் மாற்று பல்பு ஒன்று கையோடு வைத்திருங்கள். இரண்டு கட்டை லைட்டுக்கு 2.5 வோல்ட், மூன்று கட்டை லைட்டுக்கு 3.8 வோல்ட். மாற்றிப் போட்டால் ஒன்று கருகிவிடும், அல்லது மங்கி எரியும்.

2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயலையும், 2024 நவம்பர் 30-ல் வந்த 'ஃபெஞ்சல்' புயலையும் நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இருட்டில் கையில் இருக்கிற லைட்டுதான் லைட். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியிலேயே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

எவ்வளவு நல்ல லைட் இருந்தாலும் காலில் செருப்பு, கையில் கம்பு இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள். தப்பித் தவறிப் பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும், கீறி விடுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.