இசைத்தட்டுகளைக் கணனியில் ஏற்றி வையுங்கோ

(குவைத், ஃபர்வானியாவில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய இசைத்தட்டில் இருக்கும் பாட்டுகளை வீட்டுக் கணனியில் எப்படி ஏற்றுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இன்ரநெற்றில எல்லாப் பாட்டும் கிடக்குதே, இது எதுக்கு?" என்று சிலர் யோசிப்பீர்கள். இந்தியச் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடக்கும். எங்கட ஊர்ப் பாட்டு எல்லாம் கிடக்குதா என்று தேடிப் பாருங்கோ.

1970களில் இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் இன்றைக்கும் கலியாண வீடுகளில் ஒலிக்கின்றன. ஊரே பாடியதால் அவை தப்பின. அவ்வளவு புகழ் பெறாத பாட்டுக்கு அந்தத் தட்டுத்தான் வீடு. தட்டுப் போனால் பாட்டும் போச்சு.

எங்கள் தட்டுகள் எப்படிப் போயின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ரெக்கோட் பிளேயர் மூலைக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 இல் ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது, இங்கே வேலை செய்த எங்கட ஆட்கள் கையில் அகப்பட்டதோடு யோர்தானுக்கு ஓடினார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அன்றைக்கு அரிசியையும், உடுப்பையும், காணி உறுதியையும் தூக்கினோம். ரெக்கோட் பெட்டியை யார் தூக்கினார்கள்?

ஆகையால் இன்றைக்கு எங்கேயாவது ஒரு தட்டு மிஞ்சியிருந்தால் அது தற்செயலாக மிஞ்சியது. கொழும்பில் ஒரு அலுமாரிக்கு மேலே, கனடாவில் ஒரு பெரியப்பா வீட்டு நிலவறையில் இருக்கலாம். அடுத்த லீவில் போகும்போது கேட்டுப் பாருங்கோ.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தட்டு எந்த வகை என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு அரக்கினால் செய்தது, விழுந்தால் உடையும். 1948க்குப் பிறகு வந்த 33, 45 வேகத் தட்டுகள் வைனல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வளையும், கீறல் விழும். 78 தட்டின் கோடு அகலமானது, அதற்கு வேறு ஊசி வேண்டும். மற்றத் தட்டின் ஊசியை அதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும்.

வடித்த நீரில் மெல்லிய துணியை நனைத்து, கோடு போகும் வழியே வட்டமாகத் துடையுங்கோ. நடுவில் ஒட்டிய தாளில் ஈரம் படக்கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பூசவே கூடாது, கரைந்துவிடும். இந்த ஊர்த் தூசியும் வெயிலும் உங்களுக்குத் தெரியும். மூடிய காருக்குள் வைத்த வைனல் தட்டு ஒரு மத்தியானத்தில் வளைந்துவிடும். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கோ.

பழைய பிளேயர் தேடுகிறவர்கள் அல் ராய் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். வாங்கும்போது ஊசியைக் கவனியுங்கோ. தேய்ந்த ஊசி தட்டையும் கெடுக்கும். பிளேயரில் இருந்து வரும் சத்தம் மிகவும் மெல்லியது. அதைப் பெருக்கிச் சீராக்க, 'ஃபோனோ' என்று எழுதிய வாயுள்ள அம்பிளிஃபயர் வேண்டும். அதிலிருந்து கணனியின் 'லைன் இன்' துளைக்கு வயர் கொடுங்கோ. மைக் துளைக்குக் கொடுத்தால் சத்தம் உடைந்து வரும். 'ம்ம்' என்று இரைந்தால் பிளேயரின் எர்த் வயரை அம்பிளிஃபயரில் பூட்டுங்கோ. பதிவு செய்ய 'ஓடாசிற்றி' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சத்தம் காட்டும் கோடு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கோ. நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைற் பிடிக்கும். 20 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு 200. அதுதான் மூலப் பிரதி. அதிலிருந்து போனில் கேட்க எம்பி3 எடுக்கலாம், அது பத்தில் ஒரு பங்கு அளவில் வரும். கீறல் சத்தத்தை நீக்குகிறோம் என்று அளவு மீறித் துடைத்தால் பாடுகிறவரின் மூச்சும் சேர்ந்து போய்விடும். மூலப் பிரதியில் கை வைக்க வேண்டாம்.

இன்னுமொன்று. தட்டின் நடுத்தாளையும் உறையையும் படம் எடுத்து, பாடகர், இசையமைத்தவர், கொம்பனி, தட்டு இலக்கம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கோ. 'பாட்டு 1', 'பாட்டு 2' என்று பெயர் போட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அது யாரென்றே தெரியாது. அது பாட்டுக்காரனை இரண்டாம் முறை தொலைப்பது. பாட்டின் உரிமை பாடியவருக்கும் வெளியிட்டவருக்கும் உரியது. பாதுகாக்கத்தான் பிரதி எடுக்கிறோம், விற்பதற்கு அல்ல.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. மற்றப் பிரதி உள்ள நூலைத் திரும்ப வாங்க முடிந்தது. வேறு பிரதி இல்லாத ஏடு போனது போனதுதான். அந்தப் பாடத்தை நாங்கள் காசு கொடுத்துப் படிக்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் கணனியில் ஏற்றி வருகிறது. பாட்டுக்கு எங்கட வீடுகளில் இருந்து தொடங்கலாம். ஒரு பிரதி இங்கே, ஒன்று ஊரில், ஒன்று வெளிநாட்டில் இருக்கிற சகோதரத்திடம். ஒரு இடம் எரிந்தாலும், ஒரு இடத்தில் இருந்து ஓட வேண்டி வந்தாலும், பாட்டு இருக்கும்.

தட்டு வைத்திருக்கிறவர்கள் இந்த மாதமே ஒன்றையாவது ஏற்றுங்கோ. முடியாதவர்கள் சங்கத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கோ, செய்து தருவார்கள்.

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.