பெற்றோர் பராமரிப்பு: கணக்கை இன்றே போடுவோம்



இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். அவருடைய பெற்றோருக்கு எழுபது, எண்பது வயது. ஊரில் தனியாக இருக்க முடியாமல் நம் குடியிருப்புகளுக்கு வந்து சேர்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அதற்கான கணக்கை நம்மில் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கைக்குத்தான் பணம் தரும். வீடு திரும்பிய பிறகு வரும் நீண்ட காலப் பராமரிப்புச் செலவுக்குப் பொதுவாகத் தராது.

ஒரு உதாரணம். வீட்டோடு தங்கும் உதவியாளருக்கு மாதம் 22,000 ரூபாய், மருந்து, டயப்பர், பிசியோதெரபிக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,000. ஐந்து வருடத்தில் 19,20,000 ரூபாய். அப்பா தன் சேமிப்பில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தாலும், 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்கு 20,500தான் வரும். துண்டு விழுவது 11,500. உதவியாளர் சம்பளம் ஏறும். போட்ட பணத்துக்கான வட்டி ஐந்து வருடத்துக்கும் அதேதான்.

உதவியாளர் வேண்டாம் என்று வீட்டுப் பெண் வேலையை விட்டால்? செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். அவர் இழக்கும் சம்பளத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் யாரும் எழுதி வைப்பதில்லை. அண்ணன் தம்பிகள் பங்கு பிரிக்கும்போது அதையும் பங்காகச் சேருங்கள். மற்றவர்கள் மாதாமாதம் இவ்வளவு என்று முடிவு செய்து ஒரே கணக்கில் போடட்டும். 'தேவைப்பட்டால் சொல்லு' என்ற பேச்சு சண்டையில்தான் முடியும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பணம் இருந்தும் எடுக்க முடியாமல் போவதுண்டு. நாமினிக்கு உரிமை வருவது கணக்குதாரர் இறந்த பிறகுதான். பெரியவர் படுக்கையில் இருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தால், சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் பெற வழி உண்டு. மறதி நோய் முற்றிவிட்டால் அது நடக்காது. முன்பு எழுதிக் கொடுத்த பவர் பத்திரமும் செல்லாது. நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் பெற வேண்டிவரும்.

ஆகவே, பெரியவர் தெளிவாக இருக்கும்போதே அவர் சம்மதத்துடன் 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். பராமரிப்புக்கான பணத்தை மட்டும் அதில் வையுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி உடன்பிறந்தவர்களுக்குக் காட்டுங்கள். ஃபிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் எடுக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அதனால் ஒரே பெரிய டெபாசிட்டாகப் போடாமல், வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி பிரித்துப் போடுங்கள்.

கிடைக்கும் உதவியையும் விட வேண்டாம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

இந்தப் பேச்சைப் பெரியவர்களை வைத்துக்கொண்டே வீட்டில் பேசுங்கள். அவர்கள் பணம், அவர்கள் வாழ்க்கை. அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.