சனிக்கிழமை கடையைச் சாத்து!



விடிந்தால் சனிக்கிழமை, நம்மூர் எட்டயபுரத்தில் ஆட்டுச் சந்தை. கரிசல் வெயிலில் பத்திக்கொண்டு போய், வேலிக்காய் பொறுக்கிப் போட்டுக் குட்டியை வளர்ப்பவள் வீட்டுக்காரி. சந்தையில் கைமாறிய பணம் போவது வீட்டுக்காரன் மடிக்கு. ராத்திரி அவன் தோளில் கயிறு மட்டும் தொங்குகிறது! தீப்பெட்டி ஆபீஸ் வாரச் சம்பளமும் அன்றைக்குத்தான். ஆறு நாள் கூலியை ஒரே ராத்திரியில் குடித்துத் தீர்க்கிறானே, அந்தக் குடியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

“அவன் குடிக்கிறான், அரசாங்கம் என்ன செய்யும்?” என்கிறார்கள். விற்பது யார்? 2003 முதல் சில்லறை மதுக்கடையையும் டாஸ்மாக் மூலம் அரசாங்கமே நடத்துகிறது. வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். 2023 செப்டம்பரிலிருந்து தாய்மார்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. நல்ல திட்டம், மனசார வரவேற்கிறேன். ஆனால் 2024இல் சாதாரணக் குவாட்டர் 140 ரூபாய் ஆகிவிட்டது. ஏழு குவாட்டர் வாங்கினால் அந்த ஆயிரம் காலி. கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் ஏழுகூட வராது. தாய்க்குக் கொடுத்த பணத்தை மகன் கையிலிருந்து பிடுங்குவது என்ன நியாயம்?

“கடையைச் சாத்தினால் கள்ளச்சாராயம் வரும்” என்று பயம் காட்டுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் வட்டாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மெத்தனால் சாராயத்துக்குப் பலியாயினவே, அன்றைக்கு டாஸ்மாக் மூடியா கிடந்தது? திறந்துதான் இருந்தது! கடை விலை கட்டுபடியாகாத கூலிக்காரன்தான் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போனான்.

நம்மூர் பாரதி மணிமண்டபத்துக்கு 1945இல் அடிக்கல் நாட்டியவர் ராஜாஜி. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சங்கீத மேதை முத்துசாமி தீட்சிதர் 1835இல் தீபாவளியன்று கண்மூடியது இந்த மண்ணில். அதே தீபாவளிக்குத்தான் இன்று சரக்கு மலைமலையாக விற்கிறது.

காந்தி ஜயந்திக்கும் மே தினத்துக்கும் கடையைச் சாத்தத் தெரிந்த அரசாங்கத்துக்குச் சம்பள நாளில் சாத்தத் தெரியாதா? முழு மதுவிலக்கு வரட்டும், வரவேண்டும். அதுவரை சனிக்கிழமையும் தீபாவளியன்றும் தமிழ்நாடு முழுக்க ஒரு கடையும் திறக்கக் கூடாது.

மேடைக்குக் கீழே மனு இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸில் நேரில் கொடுக்கப் போகிறோம். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்!