புத்தரிடம் கேட்டீர்களா?



டெல்லித் தாமரைக் கோயிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 1986-இல் திறந்த அந்தக் கோயிலில் சிலை இல்லை, பூசாரி இல்லை. எந்த மதத்தாரும் போய் அமரலாம். அதைக் கட்டிய பஹாய் சமயத்தார் சொல்வது இதுதான்: கடவுள் ஒருவரே. ஆபிரகாம், மோசே, கிருஷ்ணர், ஜரதுஷ்டிரர், புத்தர், இயேசு, முகம்மது, பஹாய் சமயத்துக்கு முன்னோடியான பாப், அதை நிறுவிய பஹாவுல்லா என்று காலத்துக்கேற்ற தூதரை அவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஒரே பள்ளிக்கூடம், அடுத்தடுத்த வகுப்புகள். "உன் மதம் பொய்" என்று சொல்லியே பழகிய உலகத்தில் இது எவ்வளவு பெரிய மனசு! அந்த மனசை வணங்குகிறேன். வணங்கிவிட்டுத்தான் கேட்கிறேன்.

புத்தரிடம் கேட்டீர்களா?

படைத்தவன் ஒருவன் அனுப்பித் தாம் வந்ததாகப் புத்தர் சொல்லவில்லை. தாமே தேடினார், தாமே கண்டார் என்றுதான் பௌத்த நூல்கள் சொல்கின்றன. பஹாவுல்லாவின் மகன் அப்துல் பஹாவோ, புத்தர் நிலைநாட்டியது ஒரே கடவுள் கொள்கைதான், பின்வந்தவர்கள் அதை இழந்துவிட்டார்கள் என்று விளக்கினார். இதற்கு என்ன சான்று? பாலி நூல்களில் அப்படி ஒரு போதனை இல்லையே! வரிசையில் இடம் கொடுக்கிறோம் என்று சொல்லி, வந்தவருடைய வாய்ச்சொல்லையே மாற்றலாமா? மகாவீரருக்கோ அந்த வரிசையில் இடமே இல்லை.

வஞ்சி மாநகரில் மணிமேகலை என்ன செய்தாள்? சமயவாதி ஒவ்வொருவரிடமும் போய், "உம் கொள்கையை நீரே சொல்லும்" என்று கேட்டாள். பிறகுதான் ஏற்பதும் மறுப்பதும். மாற்றுச் சமயத்துக்குத் தரும் முதல் மரியாதை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. காலம் மாறினால் சட்டமும் மாற வேண்டும் என்பதுதான் இந்தக் கொள்கையின் உயிர். பாப் ஷிராஸில் தம்மை வெளிப்படுத்தியது 1844. பஹாவுல்லா பாக்தாத் தோட்டத்தில் வெளிப்படுத்தியது 1863. இடைவெளி 19 ஆண்டு. ஆனால் அடுத்த தூதர் ஆயிரம் ஆண்டு முழுதாகக் கழியுமுன் வரமாட்டார் என்கிறது அவர்களுடைய சட்ட நூலான கித்தாபி அக்தஸ். அது எழுதியபோது விமானம் இல்லை, அணுகுண்டு இல்லை. காலம் இத்தனை வேகமெடுத்த பிறகு கதவை ஆயிரம் ஆண்டுக்குச் சாத்துவது எந்தக் கணக்கு?

இந்தத் தூதர் வரிசையைப் பற்றிய கேள்வியை ஈரானில் எப்படிக் கேட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தூதர் வரிசை முகம்மதுவோடு முடிந்தது, அதற்குப் பின் வந்தவன் பொய்யன் என்று சொல்லி நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக இவர்களை வதைத்தார்கள். அதே ஷிராஸில், 1983 ஜூன் மாதம், நம்பிக்கையைக் கைவிட மறுத்த பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது 17. பிள்ளைகளுக்குச் சமயபாடம் சொல்லிக்கொடுத்தவள். அந்தத் தூக்குமேடைக்குப் பக்கத்தில் என் கேள்வி ஒருநாளும் போய் நிற்காது. மறுமொழி சொல்ல பஹாய் சமயத்தாருக்கு நாவும் உரிமையும் உள்ள இடத்தில்தான் அதைக் கேட்பேன்.

பஹாய் நண்பர்கள் யாரேனும் இந்த அரங்கில் இருந்தால், தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். எனக்குத் தந்த நேரத்தில் மீதியிருப்பது உங்களுக்கு. புத்தரில் இருந்தே தொடங்குங்கள்.