முட்டுக்கல்லும் ஒயில் கசிவும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதையொன்றிலே, ஏற்றமான இடத்தில் பழைய ஜீப் வண்டி ஒன்று வந்து நிற்கிறது. சாரதி கைப்பிறேக்கை முழுவதும் இழுத்துவிடுகிறார். ஆயினும் அவர் இறங்குமுன்னரே இன்னொருவர் குதித்து இறங்கி, பின்சில்லின் கீழே கல்லொன்றை முட்டுக்கொடுக்கிறார். நேயர்களுட் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். கல் எதற்கு என்று கேட்டால், "கைப்பிறேக் பிடிக்காது" என்ற விடையே வரும். பிறேக் திருத்துபவரிடம் வண்டியைக் கொண்டுபோனால் அவர் இறுக்கிக் கொடுப்பார். சில நாட்கள் பிடிக்கும். பின்னர் கல்லே துணை.

இங்கே குற்றம் பெரும்பாலும் பிறேக்கினுடையதன்று. பிறேக்குக்கு முன்னால், வண்டியின் நடுவயிற்றிலே, சேறு படிந்து கிடக்கும் ஓர் இரும்புப் பெட்டியே குற்றவாளி. கராஜ்களிலே அதனை ட்றான்ஸ்பர் பெட்டி என்பார்கள்.

சாதாரணக் கார்களில் கைப்பிறேக் பின்சில்லுகளைப் பிடிக்கும். லாண்ட் றோவரின் பழைய சீரிஸ் வண்டிகளிலும், அதன்பின் வந்த டிபென்டரிலும், அவற்றுக்கெல்லாம் மூத்ததான வில்லிஸ் ஜீப்பிலும் அமைப்பு வேறு. ட்றான்ஸ்பர் பெட்டியிலிருந்து பின்சில்லுகளை நோக்கிச் செல்லும் தண்டு பெட்டியை விட்டு வெளியேறும் இடத்திலேயே பிறேக் ட்றம் பொருத்தப்பட்டிருக்கிறது. கைப்பிறேக் பிடிப்பது சில்லையன்று, அந்தத் தண்டையே. தண்டு வெளியே வரும் வாயிலை அடைத்துக்கொண்டு றப்பராலான ஒயில் சீல் ஒன்று இருக்கிறது. அது தேய்ந்தால், கசியும் ஒயில் போய்ச் சேரும் இடம் பிறேக் ட்றம்மின் உட்புறம். ஒயிலை வெளியே வழியவிட ஒரு தடுப்பும் துவாரமும் அமைத்திருக்கிறார்கள்தான். ஆயினும் கசிவு மிகும்போதும், சேறு துவாரத்தை அடைக்கும்போதும் லைனிங் நனைந்தே போகிறது. நனைந்த லைனிங்கை எவ்வளவு இறுக்கினாலும் என்ன பயன்?

இந்தப் பெட்டியின் வேலை யாது? 1940ஆம் ஆண்டிலே அமெரிக்க இராணுவம் நான்கு சில்லுகளாலும் உந்திச் செல்லும் இலகுவான வண்டியொன்றை வேண்டியபோது பாண்டம், வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் அதனை அமைக்க முன்வந்தன. அவ்வாறு பிறந்ததே ஜீப். போருக்குப் பின் இங்கிலாந்தில் ஜீப்பின் சட்டத்தின்மேல் முதல் மாதிரியைக் கட்டிப் பார்த்தே லாண்ட் றோவர் உருவாக்கப்பட்டது. 1948 ஏப்ரில் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியிலே அது வெளிவந்தது. இவ்வண்டிகளில் கியர்ப் பெட்டியிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்தளிப்பது ட்றான்ஸ்பர் பெட்டி. அதுமட்டுமன்று, வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதும் அதுவே. சீரிஸ் 2 லாண்ட் றோவரில் உயர்நிலையில் ஏறக்குறைய 1.15 சுற்றுக்கு ஒன்றாக இருக்கும் விகிதம், தாழ்நிலையில் ஏறக்குறைய 2.9 சுற்றுக்கு ஒன்றாகிறது. மனிதர் நடக்கும் வேகத்தில் பாரத்துடன் செங்குத்தான பாதையில் ஏறுவது இதனாலேயே முடிகிறது. அப்பொழுது பற்சில்லுகளின் மேல் விழும் அழுத்தம் மிகப் பெரிது. அந்த அழுத்தத்திற்கும் உலோகத்திற்கும் இடையே நிற்பது மெல்லிய ஒயிற்படலம் ஒன்றே.

சீரிஸ் வண்டியின் ட்றான்ஸ்பர் பெட்டி கொள்ளும் ஒயில் ஏறக்குறைய 2.5 லீற்றர். தொண்ணூறாம் இலக்கத் தடித்த கியர் ஒயில் அது. அதனை மேலேற்ற அங்கே பம்பு இல்லை. கீழே கிடக்கும் ஒயிலில் பற்சில்லு தோய்ந்து சுழன்று, தானே அள்ளி மேலே வீசிக்கொள்கிறது. மட்டம் இறங்கினால் வீச்சும் இல்லை. எஞ்சின் ஒயிலைப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. காலைதோறும் அதனை இழுத்துத் துடைத்துப் பார்க்காத சாரதி இல்லை. ட்றான்ஸ்பர் பெட்டிக்கோ அளவுகோல் கிடையாது. பக்கத்திலே ஒரு திருகாணி இருக்கிறது. அதனைக் கழற்றினால் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை ஒயில் நிற்கவேண்டும். வண்டியின் கீழே படுத்து, ஸ்பானர் பிடித்துச் செய்யவேண்டிய வேலை ஆதலால் அது நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகிறது.

கசிவைக் கண்டவுடன் புதிய சீலை வாங்க ஓடுவது வழக்கம். அதற்குமுன் பக்கத்து வீட்டையும் விசாரிக்கவேண்டும். ட்றான்ஸ்பர் பெட்டி கியர்ப் பெட்டியோடு ஒட்டி நிற்கிறது. இரண்டிற்கும் இடையே செல்லும் தண்டைச் சுற்றி இன்னொரு சீல் உண்டு. அதுவே தேய்ந்துவிட்டால் வெளியில் ஒரு துளியும் காட்டாமல் ஒயில் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குக் குடிபெயர்கிறது. சீரிஸ் வண்டிகளில் பெரும்பாலும் இழப்பது கியர்ப் பெட்டி, பெறுவது ட்றான்ஸ்பர் பெட்டி. பெற்ற பெட்டி அளவுக்கு மீறி நிரம்பிப் பின்வாயிலால் கசிகிறது. திருத்துபவர் பின்சீலை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார். கியர்ப் பெட்டி கொள்வது மொத்தமே ஏறக்குறைய 1.5 லீற்றர். அதில் அரை லீற்றர் போனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சில மாதங்களில் அது ஊளையிடத் தொடங்கும்போது, இரண்டையும் எவரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

இதனைக் கண்டுபிடிக்க யந்திர சாத்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சற்று ஆறவிட்டு, இரண்டு பெட்டிகளின் மட்டத் திருகாணிகளையும் ஒரே நேரத்தில் கழற்றவேண்டும். ட்றான்ஸ்பர் பெட்டியிலிருந்து ஒயில் பாய்ந்து வர, கியர்ப் பெட்டித் துவாரத்தில் விரலை விட்டும் ஈரம் படவில்லையாயின் வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். பழைய வில்லிஸ் ஜீப்புகளிலோ இரு பெட்டிகளுக்கும் இடையே ஒயில் போய்வருவது இயல்பாகவே அமைந்தது. ஆகையால் அவற்றில் இரண்டையும் ஒன்றாகவே வடித்து, ஒன்றாகவே நிரப்புவது முறை.

பெட்டியின் மேற்புறத்தில் மூச்சுத்துளை ஒன்று உண்டு. ஓடும்பொழுது பெட்டி சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிகிறது. மூச்சுத்துளையைச் சேறு அடைத்திருந்தால், விரிந்த காற்று வேறு வழி தேடும். சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியேறும். அப்படிப்பட்ட வண்டிக்கு எத்தனை புதிய சீல் போட்டாலும் கசிவு நிற்பதில்லை. ஒரு கம்பித்துண்டால் தீரவேண்டிய காரியம் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடுவதும் உண்டு.

ஆற்றைக் கடக்கும்போது இது மறுதலையாக நிகழ்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பெட்டி குளிர்ந்த நீரில் அமிழ்ந்தவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று, மூச்சுத்துளை நீருக்குள் இருந்தால் அதன்வழியும், இல்லையேல் தேய்ந்த சீலின் வழியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீர் கலந்த ஒயில் பால்தேநீரின் நிறம் கொள்ளும். அத்தகைய ஒயிலை உடனே மாற்றவேண்டும். நீர் சேர்ந்ததோ என்ற ஐயம் இருப்பின், இரவு முழுவதும் வண்டியை அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் அடித் திருகாணியை மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். கலவாத நீர் பாரத்தால் கீழே தங்கியிருக்கும். முதலில் வருவது நீராயின் ஐயம் தெளிந்தது.

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே ஒயில் என்று எண்ணுவதும் பிழை. சங்கிலி பூட்டிய பிற்காலத்துப் பெட்டிகள் பல, தானியங்கிக் கியர்களுக்குரிய மெல்லிய சிவந்த ஒயிலையே கேட்கின்றன. அவற்றில் தடித்த ஒயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் சிறு பம்பு அதனை இழுக்கத் தவிக்கும். பழைய வண்டிகளுக்கும் எச்சரிக்கை உண்டு. ஜீஎல்-5 என்ற தரத்து ஒயிலில் சேரும் கந்தகக் கலவை, பழைய கியர்ப் பெட்டிகளில் உள்ள வெண்கலப் பாகங்களை அரிக்கலாம் என்று கருதிப் பலர் ஜீஎல்-4 தரத்தையே நாடுகிறார்கள். விலையைப் பார்த்து ஒயில் வாங்குவதை விட, வண்டியோடு வந்த கைந்நூலைப் பார்த்து வாங்குவதே மலிவு.

இனிப் பின்சீலை மாற்றும் வேலை. சமதரை, நான்கு சில்லுக்கும் முட்டு, இவை முதலில். பின்தண்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, பிறேக் ட்றம்மை இழுத்தெடுத்து, நடுநட்டை அகற்றினால் தண்டின் விளிம்புவட்டம் கையோடு வரும். இங்கேதான் அவசரக்காரர் தவறுகிறார். சீலின் உதடு பல்லாண்டுகளாக உரசிய இடத்தில் அந்த வட்டத்திலே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் வருடிப் பார்த்தால் நகம் அதில் மாட்டும். மாட்டினால் புதிய சீலும் அவ்விடத்தில் நிற்காது. பள்ளத்தின்மேல் மெல்லிய உருக்கு வளையம் ஒன்றை ஏற்றவேண்டும், அல்லது வட்டத்தையே மாற்றவேண்டும். புதிய சீலின் உதடு ஒயில் இருக்கும் பக்கத்தை நோக்கவேண்டும். பூட்டுமுன் அதற்குச் சற்று ஒயில் தடவுவதும் அவசியம்.

நனைந்த லைனிங்கைப் பெற்றோலில் கழுவி நெருப்பில் காட்டித் திரும்பவும் பூட்டுவது நெடுநாளைய பழக்கம். அது நல்ல பழக்கமன்று. லைனிங்கின் உள்ளே ஊறிய ஒயில் வெப்பம் ஏறியதும் மீண்டும் மேலே வரும். புதியதைப் போடுவதே தகும். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தமையால், ட்றம்மினுள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும்.

திருத்திய பின்னரும் முட்டுக்கல்லுக்கு வேலை உண்டு. இந்தப் பிறேக் தண்டைப் பிடிப்பதால், பின்சில்லு ஒன்றை ஜக் வைத்துத் தூக்கியவுடன், தண்டு நின்றாலும் ஒரு சில்லு முன்னும் மற்றது பின்னும் உருளப் பின்னச்சின் பற்சில்லுகள் இடங்கொடுக்கின்றன. ஜக்கின்மேல் நிற்கும் வண்டி சரிவில் நழுவுவது இவ்வாறுதான். கியரில் போட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. சீரிஸ் வண்டியில் சிவப்புக் குமிழ் கொண்ட நெம்புகோல் நடுநிலையில் நின்றால், எந்தக் கியரில் வைத்தாலும் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை. லைனிங்கும் நனைந்து, நெம்புகோலும் நடுவில் நின்றுவிட்ட வண்டி, பள்ளத்தாக்கை நோக்கி நின்றால் அதனைத் தடுப்பது அந்தக் கல் ஒன்றே.

வேலை முடிந்த இரவு, வண்டியின் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவைப்பது நல்லது. காலையில் கறை விழுந்த இடம், எந்த வாயில் இன்னும் கசிகிறது என்பதைச் சொல்லும். லாண்ட் றோவர் வைத்திருப்பவர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: ஒயில் கசியவில்லையென்றால் உள்ளே ஒயில் இல்லை என்பது. ஆகவே, தாளில் கறையே இல்லாத காலையிலும், தேநீர் அருந்துமுன்னர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வண்டியின் கீழே படுத்து, அந்த இரண்டு திருகாணிகளையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும்.