ஆசிரியரைப் பார்க்கப் போகும் முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் வீட்டுக்கு வரும் சமயம் இது. "சனிக்கிழமை பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பு" என்று உங்களில் பலருக்கு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கும். அதைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். நான் ஆசிரியர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மணி முதல் 12 வரை சந்திப்பு என்றால் 180 நிமிடம். ஒரு குடும்பத்துக்கு நாலரை நிமிடம். மாம்பழச்சாலையில் பாலம் ஏறக் காத்திருக்கும் நேரம்கூட இல்லை. அதிலும் பாதி "ஏன் மார்க் குறைந்தது?" என்பதிலேயே போய்விடுகிறது. மார்க்தான் விடைத்தாளில் இருக்கிறதே! பாஸ்புக்கில் பதிவான இருப்பைத் தெரிந்துகொள்ள மேனேஜரைப் பார்க்க வேண்டுமா? அதில் இல்லாததைக் கேட்கத்தான் போக வேண்டும்.

இந்தச் சந்திப்பு பள்ளிக்கூடம் நமக்குக் காட்டும் சலுகை அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-வது பிரிவில், ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே இதைச் சொல்கிறது. பெற்றோரையும் பாதுகாவலரையும் தவறாமல் சந்தித்து நான்கு விஷயங்களைத் தெரிவிக்க வேண்டும்: வருகை ஒழுங்காக இருக்கிறதா, கற்கும் திறன் எப்படி, கற்றலில் என்ன முன்னேற்றம், பிள்ளையைப் பற்றி வேறு என்ன சொல்ல இருக்கிறது. ரேங்க் என்ற பேச்சே அதில் இல்லை. மகனோ மகளோ வெளியூரில் வேலை பார்க்க, பேரப்பிள்ளைகளை இங்கே வளர்க்கும் தாத்தா பாட்டிமார்களும் தயங்காமல் போகலாம்.

போகும் முன் செய்ய வேண்டியவை மூன்று.

முதலில், இரண்டு நாள் முன்பே பிள்ளையிடம் கேளுங்கள்: "உங்க மிஸ்கிட்ட நான் என்ன சொல்லணும்?" உடனே பதில் வராது. இரவு சாப்பிடும்போது வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கணக்கில் பின்தங்குகிறான் என்று பையனை டியூஷனில் சேர்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடி.

இரண்டாவது, விடைத்தாளைப் புரட்டிப் பாருங்கள். வங்கியில் அன்றைய கணக்கு ஒத்துவராவிட்டால், வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால், 54 என்பதை 45 என்று யாராவது மாற்றி எழுதியிருக்கலாம். தப்பு எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிள்ளையின் தாளிலும் அப்படித்தான். புரியாமல் விட்டதா, தெரிந்தும் அவசரத்தில் தவறியதா, நேரம் போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மூன்றாவது, இரண்டே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "எந்த இடத்தில் தடுமாறுகிறாள்?" "வீட்டில் நாங்கள் செய்யக்கூடிய ஒன்று என்ன?" வீட்டில் ஒரு சாவு, அப்பாவுக்கு இடமாற்றல், புதிதாகப் பிறந்த தம்பி என்று ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் ஆசிரியருக்கு அது தெரியாது. பீஸ், பஸ் விஷயங்களை அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம்.

சந்திப்பைவிட முக்கியம் அன்றைய மாலை. கதவைத் திறந்ததும் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கும். "மிஸ் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, இரு" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் சொன்னால், அடுத்த முறை கரும்பலகை தெரியவில்லை என்பதைக்கூடப் பிள்ளை நம்மிடம் சொல்லாது. ஆசிரியர் சொன்ன நல்லதை முதலில் சொல்லுங்கள். பிறகு, மாற்றிக்கொள்ள வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து, அது எப்படிப் போகிறது என்று டைரியில் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் பலரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். 2022 மார்ச் 20 அன்று, அந்தக் குழுக்களுக்காகத் தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. குழுக் கூட்டமோ ஆசிரியர் சந்திப்போ, அவர்கள் அரை நாள் விடுப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள். நம் பிள்ளைக்கு அந்த நாலரை நிமிடம் எவ்வளவு முக்கியமோ, அவர்கள் பிள்ளைக்கும் அவ்வளவு முக்கியம்.

சனிக்கிழமை போகிறவர்கள் துண்டுச் சீட்டை மறந்துவிடாதீர்கள்.